ஒரு கால் தரையில் இருக்கட்டும்

வவ்வாலுக்கு அந்தக் கடிதம் வந்தபோது அவள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். தபால்காரர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, பன்னிரண்டடி உயரத்தில் சிவப்புத் துணியில் காலைச் சுற்றிக்கொண்டு ஆடும் பெண்மணியைப் பார்த்து, "கையெழுத்து வேணும்மா" என்றார். அவள் சர்ரென்று சறுக்கி அவர் மூக்குக்கு நேரே வந்து நின்றாள். நின்றாள் என்றால் தலை கீழே, கால் மேலே. அப்படியே பேனாவை வாங்கி, அப்படியே கையெழுத்தும் போட்டாள். அத்தனை வருஷ வேலையில் தான் பார்த்த கையெழுத்துகளிலேயே அதுதான் நேரானது என்று தபால்காரர் பல பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வவ்வால் என்பது ஊர் வைத்த பெயர். டயர்க் கிடங்கின் மாடிக் கூடத்தில், உத்தரத்துக் கொக்கிகளிலிருந்து தொங்கும் இரண்டு நீளத் துணிகளில் ஏற, சுற்ற, ஆட, விழுவதுபோல் விழுந்து நிற்க அவள் ஒன்பது வருஷமாகக் கற்றுக்கொடுத்து வந்தாள். பதினோரு பேர் படித்தார்கள். மூத்தவர் பல் டாக்டரம்மா. வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து போய்விட்டது, தலைகீழாகத் தொங்கினால்தான் அது நேராகிறது என்பார். ஒன்பது வருஷத்தில் அங்கே நடந்த ஒரே விபத்து, வகுப்பு முடிந்து கீழே உட்கார்ந்து செருப்பு மாட்டும்போது ஒருவருக்கு விரல் சுளுக்கிக்கொண்டது.

கடிதம் வான்கலைப் பயிற்றுநர் தகுதி மன்றத்திடமிருந்து வந்திருந்தது. அப்படி ஒரு மன்றம் இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். மன்றத்துக்கும் அவள் இருப்பது அப்போதுதான் தெரியவந்தது போலிருக்கிறது. அதிர்ச்சி எழுத்துக்கு எழுத்து தெரிந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு, சான்றிதழ் இல்லாத எவரும் எவரையும் 'தரையிலிருந்து உயர்த்தக் கூடாது'. பயிற்சி முழுக்க முழுக்கத் தொலைவழியில், வீட்டிலிருந்தபடியே. மூன்று முயற்சிகள். மூன்றிலும் தவறினால் வாழ்நாள் முழுவதும் விண்ணப்பிக்க முடியாது.

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு கீழே டயர்க்கடைக்காரரிடம் போனாள். கூடம் அவருடையது. அவரும் கையில் ஒரு கடிதத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கணும்னுதான் எனக்கு ஆசை" என்றார். "ஆனா சான்றிதழ் யார்கிட்ட இருக்கோ அவங்ககிட்டதான் சாவியைக் குடுக்கணும்னு எனக்கும் ஒண்ணு அனுப்பியிருக்காங்களே. வாங்கிடுங்க வவ்வாலம்மா. வீட்லயே உக்காந்து படிக்கிறதுதானே? இத்தனை வருஷமா தொங்குறீங்க, இது என்ன பெரிய விஷயம்!"

அந்தச் சாவி போனால் வவ்வாலுக்குப் போக வேறு இடமில்லை. அந்த ஊரில் அவ்வளவு உயர உத்தரம் வேறு எங்கும் கிடையாது. அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. துணியைத் தவிர வேறு எதையும் உருப்படியாகக் கையில் பிடித்ததில்லை. வாங்கிவிடலாம் என்று விண்ணப்பித்தாள்.

அவள் கணவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்பார்கள். எட்டு மாடி அலுவலகம் ஒன்றின் லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து, இருபத்திரண்டு வருஷம் பொத்தானை அமுக்கினார். ஒருநாள் ஜனங்கள் தாங்களே பொத்தானை அமுக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பார். கொடியில் துணி உலர்த்தும்போது கூடையைப் பிடிப்பார். அவள் சுவரில் ஆணி அடித்தால் ஆணிப் பெட்டியைப் பிடிப்பார். இப்போது பிடிக்கப் போன் கிடைத்தது.

முதல் வகுப்பில் திரையில் நாற்பது சின்னச் சின்ன முகங்கள் தெரிந்தன. நடுவில் ஒருங்கிணைப்பாளர். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லும் பெண்மணி.

"முதல் விதி, எல்லாரும் எழுதிக்கோங்க. பயிற்சி நடக்கும்போது யாரும் தரையை விட்டு மேலே போகக் கூடாது. குறைஞ்சது ஒரு கால் தரையில இருக்கணும். அந்தக் கால் கேமராவுல தெரியணும்."

வவ்வால் கையைத் தூக்கினாள். "மேடம், இது ஏறுறதுக்கான பயிற்சிதானே?"

"ஏறுறதுக்கு இல்லம்மா. ஏறக் கத்துக்குடுக்கறதுக்கு. ரெண்டும் வேற வேற. ஏறினா நீங்க விழலாம். விழுந்தா யார் பொறுப்பு? நாங்க தொலைவுல இருக்கோம், ஓடி வந்து பிடிக்கவா முடியும்?" என்று சிரித்தார். பிறகு முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "உங்க போன் ஆடுது. பிடிச்சிட்டிருக்கறது யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"வெளியாள் வகுப்புல இருக்கக் கூடாதே! ஒண்ணு அவர் வெளியே போகணும், இல்லன்னா பயிலுநராப் பதிவு பண்ணிக்கணும்."

"அவர் வெளியே போனா போனை யார் பிடிக்கிறது?"

"அப்போ பதிவு பண்ணிடறேன். சார், முகத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

லிஃப்ட்காரர் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில், "எந்த மாடி?" என்றார். பதிவு ஆகிவிட்டது.

இரண்டாம் வாரம் மன்றத் தலைவரே திரையில் தோன்றி உரையாற்றினார். அவருக்குப் பின்னால் மேகக்கூட்டம் தெரிந்தது. படம்தான். தோளைக் கொஞ்சம் அசைத்தாலும் காது மேகத்துக்குள் போய்விடும்.

"பறவை பறக்கிறது. சான்றிதழ் உண்டா? கிடையாது. அதனால்தான் எந்தப் பறவையும் நீண்ட நாள் வாழ்வதில்லை" என்று தொடங்கினார். "நான் இந்த மன்றத்துக்குத் தலைவராகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஒருமுறைகூட விழுந்ததில்லை. காரணம் என்ன? ஒருமுறைகூட ஏறியதில்லை. பாதுகாப்பு என்று நாங்கள் சொல்வது இதைத்தான். துணியைப் பிடிப்பவர் தொழிலாளி. துணியைப் பற்றிப் பேசுபவர் பயிற்றுநர். பயிற்றுநரைப் பற்றிப் பேசுபவர்கள் நாங்கள். இதற்கு மேலே போக இடமே இல்லை. இதைவிட உயரம் வேண்டும் என்று கேட்பவர்களை நான் சந்தேகப்படுகிறேன்."

நாற்பது பேரும் கை தட்டினார்கள். யார் தட்டவில்லை என்பதைக் கணினி தனியாகக் குறித்துக்கொண்டது.

பாடங்கள் இந்த ரீதியில் நடந்தன. ஒரு வாரம் முழுக்க உயரத்துக்கு மரியாதை செலுத்துவது எப்படி என்று படித்தார்கள். அண்ணாந்து பார்த்தால் ஆணவமாம், கண்ணை மட்டும் உயர்த்த வேண்டும். அடுத்த வாரம், பயத்தோடு வரும் மாணவருக்கு ஆறுதல் சொல்வது. அங்கீகரிக்கப்பட்ட ஆறுதல்கள் பதினான்கு, மனப்பாடம். அப்புறம் செய்முறை வந்தது. செய்முறையில் ஏறிக் காட்டத்தான் வேண்டும், ஆனால் ஏறக் கூடாது. அதற்கு மன்றத்தின் நிபுணர் குழு இரண்டு வருஷம் உட்கார்ந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. துணியைத் தரையில் நீளமாக விரித்துவிட வேண்டும். பயிலுநர் அதன்மேல் படுத்து ஊர்ந்து போக வேண்டும். போனைப் பிடிப்பவர் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால், பார்ப்பவருக்கு ஏறுவதுபோல இருக்கும்.

"ஒரு கால் கட்டாயம் தரையில இருக்கும் பாருங்க!" என்று ஒருங்கிணைப்பாளர் குதூகலித்தார். "உடம்பே தரையிலதானே இருக்கு!"

வவ்வால் முதல் முயற்சியில் இதைக் கேட்கவில்லை. நம் திறமையை ஒருமுறை பார்த்துவிட்டால் இவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று நினைத்தாள். இந்த எண்ணம் கெட்டிக்காரர்களுக்கு வரும் வியாதி, மருந்து கிடையாது. கூடத்துக்குப் போய், லிஃப்ட்காரரைக் கீழே நிறுத்தி, நாற்பது நொடியில் உச்சிக்கு ஏறி, மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, விட்டு விழுந்து, தரைக்கு ஒரு சாண் மேலே நின்றாள். அடுத்த நாள் முடிவு வந்தது. 'தேர்வு தொடங்கிய மூன்றாம் நொடியிலிருந்து பயிலுநரைத் தரையில் காணவில்லை. தேர்வுக்கு வரவில்லை எனக் கருதப்படுகிறது.'

இரண்டாம் முயற்சியில் வாயை மூடிக்கொண்டு வீட்டு முன்னறைத் தரையில் துணியை விரித்துப் படுத்தாள். நாற்காலிக் கால்களுக்கு நடுவே ஊர்ந்தாள். அலமாரியில் தலை இடித்தது, அதுதான் உச்சி. லிஃப்ட்காரர் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கூடவே நகர்ந்தார். இந்த முறையும் தோல்வி. 'பயிலுநரின் பின்னல் கீழ்நோக்கித் தொங்காமல் பக்கவாட்டில் கிடக்கிறது. இயற்கைக்கு முரணான இந்த நிலை மாணவர்களைக் குழப்பும்.'

"பின்னலைக் கட்டியிருக்கலாம்ல?" என்றார் லிஃப்ட்காரர்.

"நீங்க சொல்லியிருக்கலாம்ல? போனுக்குள்ளதானே பாத்துட்டிருந்தீங்க!"

"எனக்கு நீ ஏறுற மாதிரிதான் தெரிஞ்சுது. நல்லாத்தான் ஏறினே."

அதே தபாலில் இன்னொரு உறையும் வந்திருந்தது. லிஃப்ட்காரர் பெயருக்கு. அவர் தேர்ச்சி பெற்றிருந்தார். வெறும் தேர்ச்சி இல்லை, முதலிடம். பயிற்சிக் காலம் முழுவதும் இரண்டு காலும் தரையிலேயே இருந்த ஒரே பயிலுநர். வருகை நூற்றுக்கு நூறு. செய்முறைத் தேர்விலிருந்து விலக்கு, ஏனெனில் 'விண்ணப்பதாரருக்குச் செங்குத்துப் பயணத்தில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் உள்ளது; நாளொன்றுக்கு எட்டு மாடி, அறுபது முறை. மன்ற வரலாற்றில் இவ்வளவு உயரம் சென்றுவந்தவர் எவருமில்லை.'

வவ்வால் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லதாப் போச்சுங்க" என்றாள். "பேருக்கு நீங்க இருங்க. வேலையை நான் பாத்துக்கறேன். சாவி வீட்டுக்குள்ளதானே இருக்கப்போகுது!"

அவரும் சிரித்தார். ஆனால் சான்றிதழைச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தது அவர்தான். அதை மாட்ட ஆணி அடித்தவள் அவள். இந்த முறை அவர் ஆணிப் பெட்டியைப் பிடிக்கவில்லை.

மன்றம் அவ்வளவு ஏமாளியா என்ன? சாவி கை மாறிய மறுநாளே கூடத்துச் சுவரில் ஒரு கேமராவும் ஒலிபெருக்கியும் வந்து உட்கார்ந்தன. கேமரா கணுக்கால் உயரத்தில் இருந்தது. மன்றத்துக்குக் கால்களைப் பார்த்தால் போதும். கால்களுக்கு மேலே என்ன இருக்கிறது என்பதில் அதற்கு என்றைக்குமே ஆர்வம் இருந்ததில்லை. எவர் காலாவது படத்திலிருந்து மறைந்தால் ஒலிபெருக்கி ஒருங்கிணைப்பாளர் குரலில் சிரித்துக்கொண்டே, "பதினோரு பேர் பதிவு, இருபத்தொரு கால்தான் தெரியுது. இன்னொரு கால் எங்க?" என்று கேட்கும்.

முதல் வகுப்பில் லிஃப்ட்காரர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்து நின்றார். "எல்லாரும் படுங்க" என்றார்.

"எதுக்கு?" என்றார் பல் டாக்டரம்மா.

"ஏறத்தான்."

பதினோரு பேரும் படுத்து ஊர்ந்தார்கள். மூலையில் வவ்வால் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். சான்றிதழ் இல்லாதவர் கூடத்துக்குள் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே வேலை அதுதான். பல் டாக்டரம்மா சுவர் வரைக்கும் ஊர்ந்து போய், எழுந்து, முழங்கையைத் தட்டிக்கொண்டார். "சார், படுக்கறதுக்கு எங்க வீட்லயே இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். போகும்போது வவ்வாலின் கையைப் பிடித்து, "நீ பாஸ் பண்ணு. அப்ப வரேன். அதுவரைக்கும் என் கழுத்து தாங்குமான்னு தெரியல" என்றார். அடுத்த மாதத்துக்குள் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். மீதி நாலு பேருக்கு அந்த நேரத்தில் தூங்க வேறு இடம் இல்லை.

"ஒரே ஒரு தடவை அவங்களை மேலே ஏத்துங்களேன்" என்று வவ்வால் வீட்டில் கேட்டாள். "கேமராவுக்கு முன்னாடி நாலு ஜோடி செருப்பை வச்சுட்டா போச்சு."

"ஏமாத்தச் சொல்றியா?" லிஃப்ட்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, பாரம் அதிகம்னு மணி அடிச்சப்ப நான் லிஃப்டை எடுத்ததில்லை, தெரியுமா உனக்கு?" சொல்லிவிட்டுக் கண்ணை மட்டும் உயர்த்திச் சான்றிதழைப் பார்த்தார். வேடிக்கை என்று நினைத்த மனிதர் நிஜமாகவே பயிற்றுநர் ஆகிவிட்டிருந்தார்.

மிச்சம் ஒரே ஒரு முயற்சி. அதற்கு அவள் இரவு பகலாகப் படிக்கத் தொடங்கிய சமயத்தில்தான் தலைவர் வருவதாகத் தகவல் வந்தது. முதலிடம் பெற்ற பயிற்றுநரின் கூடத்தில், துணியில் தொங்கும் நிலையில், மன்றத்தின் ஆண்டு மலருக்காகத் தலைவர் ஒரு படம் எடுத்துக்கொள்ள விரும்பினார். ஏறமாட்டார். தூக்க வேண்டும்.

தூக்க டயர்க்கடைக்காரரின் செயின் கப்பி இருந்தது. லாரி டயர்களை மாடிக்கு ஏற்ற வைத்திருந்தது. தலைவர் வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் காலணியுமாக வந்து இறங்கினார். டயரைவிடக் கொஞ்சம் கூடுதல் எடை. துணியை முடிச்சுப் போட்டுத் தொட்டில்போல ஆக்கி, அவரை உட்காரவைத்து, கப்பிக் கொக்கியில் மாட்டினார்கள். தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ள அவர் கையில் போனை வைத்திருந்தார்.

"சார், கால்ல துணி சுத்தியிருக்கு. அதை எடுத்துட்டு..." என்று வவ்வால் மூலையிலிருந்து எழுந்தாள்.

"யார் இவங்க?"

"என் மனைவி, சார். விரிப்பு மடிப்பாங்க."

"மடிக்கட்டும்" என்றார் தலைவர்.

லிஃப்ட்காரர் சங்கிலியைப் பிடித்தார். பல வருஷம் கழித்து ஒரு மனிதரை மேலே அனுப்பும் வாய்ப்பு. அவர் கண் பனித்தது. "எந்த மாடி சார்?" என்று கேட்டு இழுக்க ஆரம்பித்தார். தலைவர் ஆறடி போனார், பத்தடி போனார், "போதும், போதும்" என்றார். லிஃப்ட்காரர் லிஃப்டைப் பாதி வழியில் நிறுத்துகிறவர் அல்ல. உத்தரத்தில் தலை முட்டியதும்தான் நிறுத்தினார். முட்டிய வேகத்தில் தலைவர் தொட்டிலிலிருந்து சரிந்தார். காலில் சுற்றியிருந்த துணி இறுகிக்கொண்டது. சங்கிலி பல் மாறிச் சிக்கிக்கொண்டது. மன்ற வரலாற்றில் முதல்முறையாக ஒரு தலைவர் உண்மையாகவே தொங்கினார். தலைகீழாக.

"இறக்குய்யா!"

லிஃப்ட்காரர் இழுத்தார். சங்கிலி அசையவில்லை. அண்ணாந்து பார்த்தார், பார்த்த மாத்திரத்தில் முட்டி இரண்டும் ஆட ஆரம்பித்தது. நாலு சுவருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உயரம் போவது வேறு, அதைக் கண்ணால் பார்ப்பது வேறு என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நான் ஏறட்டுமா சார்?" என்றாள் வவ்வால். "அரை நிமிஷத்துல இறக்கிடுவேன்."

"சான்றிதழ் இருக்கா?"

"இல்ல சார்."

"தகுதியில்லாத ஒருத்தர் என்னை இறக்கினா, நாளைக்கு மன்றம் எதுக்குன்னு கேக்கமாட்டாங்களா?" தலைவரின் முகம் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. ஆனாலும் கொள்கை தலைகீழாகவில்லை. "நான் குழுவைக் கூட்டறேன். தற்காலிக அனுமதி வாங்கிக்கலாம்."

போனில் ஆறு உறுப்பினர்கள் தோன்றினார்கள். எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். ஒவ்வொரு வணக்கத்துக்கும் தலைவர் மறுவணக்கம் சொன்னார், அது நடைமுறை.

"ஐயா, உங்க படம் தலைகீழாத் தெரியுதுங்களே" என்றார் மூத்த உறுப்பினர்.

"நான் தலைகீழாத்தான்யா இருக்கேன்!"

"போனைத் திருப்பிப் பிடிங்கய்யா. சரியாயிடும்."

தலைவர் போனைத் திருப்பினார்.

"ஆ, இப்ப நேரா வந்துட்டீங்க! முகம் என்ன களையா இருக்கு, நல்ல சிவப்பு! முடிகூட நிமிர்ந்து நிக்குது!"

"அவசரம்னு சொன்னாங்களே, என்ன அவசரம்?" என்றார் இன்னொருவர்.

"தலைவர் தலைகீழா இருந்தார். இப்ப நேராயிட்டார். அவசரம் தீர்ந்துபோச்சு. தீர்மானமாப் பதிவு பண்ணிக்கலாமா?"

ஆறு கைகள் உயர்ந்தன. கூட்டம் முடிந்தது. தலைவர் முகத்தில் சிவப்பு ஊதாவாகிக்கொண்டிருந்தது. போன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து சிதறியது. கண் சொருகியது.

வவ்வால் விரிப்பைப் போட்டாள். இரண்டாவது துணியில் ஏறினாள். ஏறியது யாருக்கும் சரியாகத் தெரியக்கூட இல்லை, அவ்வளவு வேகம். மேலேயிருந்து ஒரு ஆட்டம் ஆடி அவர் பக்கம் வந்து, தோளை அவர் இடுப்புக்குக் கீழே கொடுத்துத் தூக்கி எடையை வாங்கிக்கொண்டு, கணுக்காலில் இறுகியிருந்த சுற்றைப் பல்லால் கடித்துத் தளர்த்தினாள். அவரைச் அரிசி மூட்டைபோலத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் காலால் துணியை இறுக்கி இறுக்கி இறங்கினாள். இவ்வளவும் நடக்கும்போது லிஃப்ட்காரர் கண்ணை இறுக மூடி, நின்ற இடத்திலேயே நின்று, "தரைத்தளம்... தரைத்தளம்... தரைத்தளம்..." என்று முனகிக்கொண்டிருந்தார். பாவம், பயத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே மந்திரம் அதுதான்.

மன்றம் விசாரணை வைத்தது. சுவர்க் கேமராவின் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். பதிவில் லிஃப்ட்காரரின் இரண்டு கால்கள் கடைசிவரை அசையாமல் நின்றன. சற்று நடுங்கின, அது பொறுப்புணர்ச்சி. விரிப்பு மடிக்கும் பெண்ணின் கால்கள் நடுவில் காணாமல் போயிருந்தன. ஆபத்து நேரத்தில் ஓடிவிட்டாள். 'தரைத்தளம்' என்று மூன்று முறை ஒரு குரல் கேட்டது. மூன்றாவது முறை சொல்லி முடித்ததும் தலைவரின் தலை மெல்லத் தரைக்கு வந்து சேர்ந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"என்னை யாரோ தோளில் தூக்கியதுபோல எனக்கும் ஒரு நினைவு" என்று தலைவர் விசாரணையில் சொன்னார். "ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், கேமரா திறந்தே இருந்தது. மூடிய கண்ணைத் திறந்த கண்ணுக்கு மேலாக வைக்க நான் என்ன சர்வாதிகாரியா? சொல்லின் வலிமையால் ஒருவரை உயரத்திலிருந்து இறக்க முடியும் என்று இந்த மன்றம் பதினான்கு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. இன்று அதற்கு நானே சான்று."

லிஃப்ட்காரரைக் கேட்டார்கள். "நடந்தது இதுதானே?"

அவர் பொய் சொல்லவில்லை. அதை நான் அடித்துச் சொல்வேன். வாயையே திறக்கவில்லை. தலையை லேசாக, மேலிருந்து கீழே ஒருமுறை அசைத்தார், அவ்வளவுதான்.

ஒரே மாதத்தில் பாடம் பதினேழு வெளிவந்தது. தலைப்பு: 'சொல்லால் இறக்குதல்'. ஆசிரியர் என்று லிஃப்ட்காரர் பெயர் போட்டிருந்தது. முதல் பக்கத்தில் அவருடைய கால்களின் படம். அவரைத் தேர்வாளராகவும் நியமித்தார்கள். தேர்வாளரான பிறகு அவர் நாள் கணக்கு வைக்கத் தவறிவிட்டார். வைத்திருந்தால் அவர் தேர்வு வைக்கவேண்டிய முதல் ஆள் யார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

வவ்வாலின் மூன்றாவது முயற்சி காலை பத்து மணிக்கு. வாய்மொழித் தேர்வு. தேர்வாளரும் பயிலுநரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது, தொலைவழி என்றால் தொலைவழி. அவள் முன்னறையில் உட்கார்ந்தாள். அவர் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் குரல் முதலில் கதவு வழியாகக் கேட்டது, இரண்டு நொடி கழித்துப் போனிலும் கேட்டது.

பதினாறு கேள்விகளுக்கு அவள் மன்றம் எழுதியதை அப்படியே ஒப்பித்தாள். பதினான்கு ஆறுதல்களையும் ஒன்று விடாமல் சொன்னாள். கண்ணை மட்டும் உயர்த்திக் காட்டினாள். முழு மதிப்பெண். சாவி இன்னும் ஒரு கேள்வி தூரத்தில் இருந்தது.

"பதினேழாவது கேள்வி." அவர் தொண்டையைச் செருமினார். "உயரத்தில் சிக்கிக்கொண்ட ஒருவரை இறக்குவது எப்படி?"

வவ்வால் திரையில் இருந்த அவரைப் பார்த்தாள். அவர் காகிதத்தைப் பார்த்தார்.

"மேலே ஏறணும்" என்றாள். "அவர் எடையை முதல்ல தோள்ல வாங்கணும். அப்புறம் கணுக்கால் சுத்தைத் தளர்த்தணும். அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. வாங்கின எடையோட, ஒவ்வொரு சுத்தா..."

"பாடத்தில் உள்ளபடி சொல்லுங்கள்."

"நீங்களும் அங்கதானே நின்னீங்க?"

"பயிலுநர் கேள்வி கேட்கக் கூடாது."

அதோடு போனில் சத்தம் நின்றது. கதவு வழியாக மட்டும் கிசுகிசுவென்று குரல் வந்தது. "ஏய், இங்க பாரு, சத்தத்தை நிறுத்தியிருக்கேன். தரைத்தளம்னு மூணு தடவை சொல்லுன்னு எழுதியிருக்கு, அதைச் சொல்லிடேன். ஒரே வரி. சொல்லிட்டா நாளைக்கே சாவி உன் கையில. கேமரா முன்னாடி செருப்பை வச்சுட்டு நீ ஏத்து, ஆட்டு, என்ன வேணாப் பண்ணு. சொல்லு, என் செல்லம் இல்ல?"

"அப்போ யார் இறக்கினது?"

"யார் இறக்கினா என்ன? இறங்கியாச்சுல்ல!"

"என்னங்க, அந்தாளோட ஷூ என் தோள்ல பட்ட காயம் இன்னும் ஆறல. நீங்கதானே மருந்து போட்டு விட்டீங்க?"

பிறகு போனில் சத்தம் வந்தது. தேர்வாளரின் குரல்.

"பதிலை மாற்ற விரும்புகிறீர்களா?"

"இல்ல."

"பதில் பாடத்துக்கு மாறாக உள்ளது. தேர்ச்சியில்லை. இது இறுதி முயற்சி." காகிதத்தைப் புரட்டும் சத்தம். "ஆறுதல் எண் ஒன்பது: தரையும் ஒரு உயரம்தான்."

அழைப்பு துண்டானது. லிஃப்ட்காரர் சமையலறைக் கதவை ஒருக்களித்துத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "நான் என்ன பண்ணட்டும்? எல்லாம் பதிவாகுதே" என்றார். "டீ போடட்டுமா?"

வவ்வால் எழுந்து உள்ளே போனாள். தலைவரைச் சுமந்த தோளுக்கு லிஃப்ட்காரர் ஒரு எடையே இல்லை. அவர் "ஏய், ஏய்" என்பதற்குள் இடுப்பில் கை கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சுவரில் சாத்தியிருந்த ஏணியில் ஏறி, அடுப்புக்கு எதிரே, ஒன்பதடி உயரத்தில் இருந்த பரணில் பழைய பாத்திரங்களுக்கு நடுவே உட்காரவைத்தாள். ஏறிய ஏணியை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்கட்டில் சாத்தினாள்.

அவர் ஒரு அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கீழே பார்த்தார். உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயோ, இறக்கிவிடுடி! விளையாடாதே. தலை சுத்துது. இங்கேருந்து எப்படி இறங்கறது?"

"மூணு தடவை சொல்லுங்க" என்றாள் வவ்வால், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "மெதுவா, நிறுத்தி நிறுத்தி. பாடத்துல உள்ளபடி."

கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் இறங்கியபோது முதல் 'தரைத்தளம்' கேட்டது. இரண்டாவதில் குரல் கொஞ்சம் உடைந்தது. மூன்றாவது, தெருக்கோடி வரைக்கும் கேட்டது.